தெரியவில்லையா, கேட்கவில்லையா?

அச்சுக்குப் போக வேண்டிய ஒரு புரூஃப் கட்டைப் பொங்கல் லீவுக்கு ஊருக்கு எடுத்துட்டுப் போனேன். பல வருஷத்துக்கு முந்தைய கதை. அப்போ ஒரு அருங்காட்சியகத்தின் வெளியீடுகளுக்குப் பதிப்பாசிரியராக இருந்தேன். எந்த அருங்காட்சியகம் என்பது இந்தக் கட்டுரைக்கு முக்கியமில்லை. கட்டில் இருந்தது துணிகளைப் பற்றிய ஒரு கேட்டலாக்.

எங்க ஊர் கலசப்பாக்கம். போளூருக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவில், செய்யாற்றங்கரையில். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் பர்வதமலை. ஆரணியில் முதலாளிகள் பாவும் நூலும் கொடுப்பாங்க, சுத்துப்பட்டு ஊர்களில் தறி ஓடும். சேலை எந்த ஊர்த் தறியிலிருந்து இறங்கினாலும் அதுக்குப் பேரு ஆரணிப் பட்டுதான். என் தாய்மாமா வீட்டிலும் ஒரு குழித்தறி இருந்தது.

மாமா கண்ணாடியை மாட்டிக்கிட்டு புரூஃபைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்னுட்டார். படத்துக்குக் கீழே இப்படி இருந்தது: ‘பட்டுச் சேலை. ஆரணி. 20ஆம் நூற்றாண்டு. நெய்தவர் தெரியவில்லை.’

“இன்னாப்பா இது, நெய்ஞ்சவன் தெரியலன்னு போட்டுகிறீங்க?”

“பதிவேட்ல பேரு இல்ல மாமா.”

“தெரியலயா, கேக்கலயா?”

அவர் சண்டைக்குக் கேக்கல. சும்மா கேட்டார். எனக்குத்தான் பதில் வரல. அந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டு பழைய அருங்காட்சியக வெளியீடுகளை வேறு கண்ணோடு படிக்க ஆரம்பித்தேன். அந்தக் குறிப்புகளிலிருந்துதான் இந்தக் கட்டுரை.

அந்த வேலை என்ன வேலை

அருங்காட்சியகப் பதிப்பாசிரியர்னு சொன்னால் பலர் அவர்தான் புத்தகம் எழுதுறவர்னு நினைக்கிறாங்க. எழுதுறவர் பொருளைப் பொறுப்பில் வைத்திருக்கும் காப்பாட்சியர். பதிப்பாசிரியர் சரிபார்க்கிறவர். பதிவேட்டு எண் பொருளின் மேல் எழுதிய எண்ணோடு ஒத்துப் போகுதா, நீளமும் அகலமும் இடம் மாறிடுச்சா, இந்தப் படம் இந்தக் குறிப்புக்குத்தானா, இதுதான் தினசரி வேலை.

கேட்கச் சுலபம். ஒரு நடராஜர் படத்தை அச்சகத்தில் இடவலம் மாத்திப் போட்டுட்டாங்கன்னு வையுங்க. தூக்கிய இடது கால் வலது காலாகிடும். தப்புன்னு உடனே சொல்லிடலாம்போல இருக்கும். ஆனால் மதுரை வெள்ளியம்பலத்தில் அவர் வலது காலைத் தூக்கித்தான் ஆடுகிறார். படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது, எழுந்து போய்ப் பொருளைப் பார்க்கணும்.

ஊர்ப் பெயர் இன்னொரு தலைவலி. பழைய பதிவேட்டில் ‘வட ஆற்காடு’ன்னு இருக்கும். திருவண்ணாமலை மாவட்டம் 1989இல்தான் பிரிந்தது. அதனால் அந்தக் காலத்து மாவட்டத்தையும் போடணும், இன்றைய மாவட்டத்தையும் போடணும். ‘ஆர்னி’ன்னு இங்கிலீஷில் எழுதியிருந்தால் இன்னும் சிக்கல். நம்ம பட்டு ஆரணி ஒன்று. திருவள்ளூர் மாவட்டத்தில் பொன்னேரிப் பக்கம், ஆரணியாற்றங்கரையில் இன்னொரு ஆரணி. பழைய இங்கிலீஷ் புத்தகங்கள் ‘ஆர்னி மஸ்லின்’ என்ற மெல்லிய பருத்தித் துணியைப் புகழும். எங்க பக்கத்து ஆள் அதைப் படிச்சா ‘நம்ம ஆரணி’ன்னு நெஞ்சை நிமிர்த்துவார். நானும் நிமிர்த்தினேன். ஒரு குறிப்பில் மாவட்டத்தின் பெயரையும் சேர்த்து எழுதிட்டேன். இரண்டாவது சான்று எங்கேன்னு கேட்டாங்க. என்கிட்ட இல்லை. சிவப்புப் பேனாவால் நானே அடிச்சேன்.

ஆக, ஊர்ப் பெயருக்கே இவ்வளவு பாடு. ஒரு எழுத்தைக் கூட்ட ஒரு சான்று கேட்கும் இந்தத் தொழில், நெய்தவர் பெயருக்கு மட்டும் ஏன் ‘தெரியவில்லை’ன்னு ஒரே சொல்லில் நகர்ந்து போச்சு?

14,000 துண்டுகள்

இதுக்கு விடை தேடணும்னா, அருங்காட்சியகங்கள் நம்ம துணியை அச்சில் ஏற்ற ஆரம்பித்த காலத்துக்குப் போகணும்.

லண்டனில் இந்தியா மியூசியம் என்று ஒன்று இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பித்து, கம்பெனி போன பிறகு அரசாங்கத்தின் கைக்கு வந்தது. அதன் பொறுப்பில் இருந்தவர் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்ற டாக்டர். 1866இல் அவர் ஒரு வேலை செய்தார். மியூசியத்தில் இருந்த இந்தியத் துணிகளை வெட்டி, 700 மாதிரிகளாக 18 தொகுதிகளில் ஒட்டினார். ஒரு படி இல்லை, 20 படி. கணக்குப் போட்டால் 14,000 துண்டு. இருபது செட்டில் 13 பிரிட்டனுக்கு, 7 இந்தியாவுக்கு.

ஒவ்வொரு மாதிரிக்கும் எண் உண்டு. நீளம், அகலம், எடை, ஊர், என்ன உடையாகப் பயன்படுகிறது என்ற விவரம், சிலவற்றுக்கு விலை. வாட்சன் கெட்டிக்காரர். நம்ம ஊர்த் துணி தையல்காரரிடம் போகாமலே உடையாகிறது, சேலைக்குக் கரையும் முந்தியும் தறியிலேயே அமைகிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டார். அதனால் கரையும் முந்தியும் தெரியும்படி மாதிரிகளை வெட்டச் சொன்னார்.

எதுக்கு இவ்வளவு கவனம்? அவரே ஒளிக்காமல் சொல்கிறார். இந்த இருபது செட்டும் இருபது தொழில் அருங்காட்சியகம் மாதிரி. பிரிட்டிஷ் ஆலைக்காரர்கள் இந்தியர் எதை விரும்பி உடுத்துகிறார்கள் என்று இவற்றைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, அதே மாதிரி நெய்து இங்கே விற்கலாம்.

ஒரு பதிப்பாசிரியரின் கண்ணால் பார்த்தால் அது அற்புதமான வேலை. எண் தவறாமல், அளவு தவறாமல், அசல் துணியையே பக்கத்தில் ஒட்டிய புத்தகம். ஆனால் ஆலைக்காரருக்குத் தேவை அளவும் எடையும் விலையும்தான். நெய்தவர் பெயர் அவருக்கு எதுக்கு? தேவைப்படாததால் யாரும் கேட்கவில்லை. கேட்காததால் பதிவில் இல்லை.

எழும்பூரில் ஆட்சி

நம்ம பக்கம் வருவோம். சென்னை அருங்காட்சியகம் 1851இல் ஆரம்பித்தது, முதல் பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபர். எழும்பூர் பாந்தியன் கட்டடத்துக்கு 1854இல் வந்தது. வெளியீடுகளை ஒரு தொடராக ஆக்கியவர் எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் 1908 வரை அவர்தான் கண்காணிப்பாளர். 1894இல் புல்லட்டின் வரிசையைத் தொடங்கினார், முதல் இதழ் மன்னார் வளைகுடாவின் முத்துக் குளிப்பும் சங்குக் குளிப்பும் பற்றியது.

அதே தர்ஸ்டன்தான் 1897இல் மதராஸ் மாகாணத்தின் பருத்தி நெசவு பற்றியும், 1898இல் கம்பளி நெசவு பற்றியும், 1899இல் பட்டு நெசவு பற்றியும் தனித்தனி நூல்கள் எழுதினார். மாகாணந்தோறும் தொழில்களைப் பற்றி அரசாங்கம் அறிக்கை வாங்கிய காலம் அது. பம்பாய்க்கும் வங்காளத்துக்கும் இதே மாதிரி பட்டு அறிக்கைகள் உண்டு.

பத்து வருஷம் கழித்து, 1909இல், தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய அவருடைய 7 தொகுதிகள் வந்தன. கைக்கோளர், தேவாங்கர், பட்டுநூல்காரர் என்று நெசவுச் சமூகங்களுக்குத் தனித்தனிப் பதிவு அதில் இருக்கு. இங்கேதான் எனக்கு உறைச்சது. துணியின் பக்கத்தில் ஊர் இருக்கு. நெய்தவர் பக்கத்தில் சாதி இருக்கு. ஆள் இல்லை. ஒரு மனுஷனைச் சாதியாக்கி ஒரு புத்தகத்திலும், அவன் நெய்ததைச் சரக்காக்கி இன்னொரு புத்தகத்திலும் வெச்சுட்டா, நடுவில் அவன் பேரு விழுந்துடும்.

எழுதியவர்களின் பெயர் கதையே வேறு. அந்த 7 தொகுதிகளின் தலைப்புப் பக்கத்தில் ‘உதவி: கே. ரங்காச்சாரி’ன்னு இருக்கும். கிராவ்லியும் டி. என். ராமச்சந்திரனும் சேர்ந்து இந்து உலோகத் திருமேனிகளின் கேட்டலாக்கை 1932இல் கொண்டுவந்தபோது இரண்டு பெயரும் ஆசிரியர்களாக வந்தன. சி. சிவராமமூர்த்தியின் அமராவதிச் சிற்ப நூல் 1942இல் அவர் பெயரில் மட்டுமே வந்தது. உதவியாளர், கூட்டாசிரியர், ஆசிரியர். முப்பத்துமூணு வருஷத்தில் நம்மவர்கள் தலைப்புப் பக்கத்தில் ஏறிய படிகள் இவை. உள்ளே இருக்கும் பொருள்களைச் செய்தவர்கள் ஒரு படிகூட ஏறலை.

சிலந்தியின் சீட்டு

ஃப்ரெடெரிக் ஹென்றி கிராவ்லி அடிப்படையில் விலங்கியலாளர். கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்திலிருந்து 1920இல் சென்னைக்கு வந்து கண்காணிப்பாளர் ஆனவர். சிலந்திகளைப் பற்றியும் வண்டுகளைப் பற்றியும் எழுதியவர். புல்லட்டினின் புதிய வரிசையில் இயற்கை வரலாறு ஒரு பிரிவு, பொதுப் பிரிவு இன்னொன்று. குருசடைத் தீவின் கடலோர உயிரினங்களும் (1927), மயூரநாதனின் சென்னை நகரத் தாவரங்களும் (1929) ஒரு பக்கம், பி. சாம்பமூர்த்தியின் இசைக்கருவிக் கேட்டலாக்கும் (1931) திருமேனிகளும் மறுபக்கம்.

விலங்கியலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சிலந்தியைப் பிடித்துச் சாராயக் குப்பியில் போட்டால், கூடவே ஒரு சீட்டும் போடணும். பிடித்த இடம், தேதி, பிடித்தவர் பெயர். இந்த மூன்றும் இல்லைன்னா அந்தச் சிலந்தியால் ஆய்வுக்குப் பெரிய பயன் இல்லை. இன்றைக்கும் அப்படித்தான்.

திருமேனிகளுக்கு வேறு வழி. 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்கணும். அந்த வழியாக அருங்காட்சியகத்துக்கு வந்த செம்புத் திருமேனிகளுக்கு எந்தத் தாலுக்கா, எந்தக் கிராமம் என்ற விவரம் காகிதத்தில் இருந்தது. சட்டம் கேட்டது, அதனால் பதிவானது.

இப்போ எல்லாத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்க. ஆலைக்காரர் அளவு கேட்டார், அளவு இருக்கு. சட்டம் இடம் கேட்டது, இடம் இருக்கு. விலங்கியல் பிடித்தவர் பெயர் கேட்டது, பெயர் இருக்கு. பதிவேட்டில் ஒவ்வொரு கட்டத்துக்கும் பின்னால் அதைக் கேட்ட யாரோ ஒருத்தர் இருக்கார். செய்தவர் பெயருக்குக் கேட்க ஆள் இல்லை, அதனால் கட்டமும் இல்லை. சிலந்தியைப் பிடித்தவருக்குக் கிடைத்த ஒரு வரி, சேலையை நெய்தவருக்குக் கிடைக்கவில்லை.

மாமா கேட்டதுக்கு இதுதான் விடை. கேக்கல.

கோவிவன்

‘அந்தக் காலத்தில் சாதாரண ஆள் பெயரை எல்லாம் யார் எழுதி வைப்பாங்க?’ன்னு ஒரு பதில் உடனே வரும். அதைச் சொல்றவங்களை எங்க பக்கத்துக்குக் கூட்டிட்டு வரணும்.

கலசப்பாக்கத்துக்கு மேற்கே செங்கம். அந்த வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலாகக் கொண்டுவந்தது. பதிப்பாசிரியர் இரா. நாகசாமி. பதிப்பு வேலை எப்படி இருக்கணும்னு கேட்டால் நான் கைகாட்டும் நூல்களில் அது ஒன்று. ஒவ்வொரு கல்லுக்கும் ஊர், காலம், அரசன் ஆட்சியாண்டு, கல்வெட்டின் வாசகம் என்று வரிசையாக இருக்கும்.

அதில் எடத்தனூர்க் கல் ஒன்று. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டு. சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு நட்டது. வீரன் பக்கத்தில் ஒரு நாய் நிக்குது. அந்த நாய் கள்ளர்களைக் கடித்து அவன் கூடவே காவல் நின்றது என்று கல் சொல்கிறது. நாயின் பெயரும் கல்லில் இருக்கு: கோவிவன்.

ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால், ஒரு கிராமத்தில், உளி பிடித்த ஒருத்தருக்கு நாயின் பெயரைக் கேட்கணும்னு தோணியிருக்கு. கேட்டு, கல்லில் வெட்டியும் வெச்சிருக்கார். பெயரை எழுதி வைக்கும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதுசு இல்லை. 20ஆம் நூற்றாண்டுச் சேலைக்கு நாம் போட்ட ‘தெரியவில்லை’தான் வெட்கக்கேடு. சேலையை வாங்கி வந்த நாளில் நெய்தவர் உயிரோடுதான் இருந்திருப்பார். ஒரு பஸ் டிக்கெட் செலவு.

இன்றைக்கு ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கு. நல்ல விஷயம், போலியைத் தடுக்கும். ஆனால் அதுவும் ஊரின் பெயரைத்தான் காக்கும்.

ஒரு சொல் திருத்தம்

லீவு முடிந்து திரும்பியதும், புரூஃபில் ‘நெய்தவர் தெரியவில்லை’ என்பதை அடிச்சுட்டு ‘நெய்தவர் பெயர் பதிவு செய்யப்படவில்லை’ன்னு எழுதினேன். சின்ன மாற்றம்தான். முதல் வாக்கியம் நெய்தவரைக் காணாமல் போனவராக்குது. இரண்டாவது வாக்கியம் தப்பு யாருடையதுன்னு சொல்லுது.

மேலே ஒப்புக்கொள்ளவில்லை. ‘நம்ம நிறுவனத்தை நாமே குறை சொல்ற மாதிரி இருக்கே’ன்னாங்க. வரி நீண்டு பக்க அமைப்பும் மாறுதுன்னு ஒரு காரணம் சேர்ந்தது. பேசிப் பேசி, முன்னுரைக்குப் பிறகு வரும் விளக்கக் குறிப்பில் ஒரு வாக்கியம் அனுமதிச்சாங்க. உள்ளே நாற்பது இடத்தில் ‘தெரியவில்லை’ அப்படியே அச்சாச்சு. அதில் என் பெயரும் இருக்கு, பதிப்பாசிரியர்னு. அந்தப் புத்தகத்தை எடுக்கும்போதெல்லாம் முதலில் அந்தப் பக்கம்தான் கண்ணில் படும்.

பிறகு அந்த வேலையை விட்டுட்டேன். போன முறை ஊருக்குப் போனபோது தறிக்குழியை மூடிட்டாங்க, மேலே டூவீலர் நிக்குது. மாமாவை உட்கார வெச்சு, அவர் வீட்டில் மிச்சம் இருந்த ஒரே ஒரு பட்டுக்குப் பதிவுச் சீட்டு எழுதலாம்னு நோட்டை எடுத்தேன். அளவு எழுதினேன், நிறம், கரை, வருஷம் எழுதினேன். ‘நெய்தவர்’ன்னு போட்டு அவர் பெயரை எழுதினேன். அவருக்குச் சந்தோஷம், முகத்தில் தெரிஞ்சது.

அடுப்பங்கரையிலிருந்து அத்தை குரல்: “அப்போ நான் சுத்துன தாரு?”

நாங்க ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல.

முப்பது வருஷம் தார் சுத்தினவங்க அத்தை. அவங்க சுத்திய தார் நாடாவில் ஏறினால்தான் ஊடை ஓடும். விடியக்காலை நாலு மணிக்கு ராட்டினம் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் மாமா ஆறு மணிக்குத் தறியில் இறங்க முடியும். ‘நெய்தவர் யார்’ன்னு நான் கேட்ட கேள்வியிலேயே அவங்களுக்கு இடம் இல்லை. ஃபோர்ப்ஸ் வாட்சனைக் குறை சொன்ன நானும் எனக்குத் தேவையானதை மட்டும்தான் கேட்டிருக்கேன்.

அந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டு மறுபடி ஆரம்பிச்சோம். சாயம் போட்டவர் யார், பாவு ஓட்டியவர் யார், தெருவில் பாவு விரிச்சப்போ கூட நின்னவங்க யார், பழைய பாவோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைச்சவர் யார், டிசைன் அட்டை குத்தியவர் யார், தார் யார், தறி யார். மாமாவுக்கு ரெண்டு பேர் ஞாபகம் வரல. அத்தைக்கு வந்தது. பிணைக்க வந்தவங்களுக்குச் சோறு போட்டவங்க அவங்கதானே. ஒரு சேலைக்கு ஏழு பெயர் ஆச்சு. வரிசையில் அத்தை பெயரை முதலில் எழுதச் சொன்னது மாமாதான்.

அந்தச் சீட்டு இப்போ சேலை மடிப்புக்குள்ளே இருக்கு. உங்க வீட்டு பீரோவிலும் அம்மாவுடையதோ பாட்டியுடையதோ ஒரு பட்டு இருக்கும். வாங்கியவர், உடுத்தியவர், எந்தக் கல்யாணம் என்பதாவது யாருக்கோ ஞாபகம் இருக்கும். நெய்தவர் வரை போக முடிஞ்சால் இன்னும் நல்லது. ஒரு வெள்ளைத்தாளில் பென்சிலால் எழுதி வையுங்க. பேனா வேண்டாம், மை துணியில் இறங்கிடும்.